பெல்ட் பூட்டுக்குள் ஒரு ஸ்பிரிங்

யெர்னேய் கண்ணா,

உன் புதுக் காரின் படம் வந்தது. எந்த மாதம் தயாரான கார்? சும்மாதான் கேட்கிறேன்.

அதன் மேல் ஸ்லோவேனியா என்று எங்கும் எழுதியிருக்காது. ஆனால் சீட் பெல்ட் பூட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் எங்கள் பட்டறையில் செய்தது. இங்கிருந்து ஹங்கேரிக்குப் போய்ப் பூட்டாகி, ஜெர்மனியில் காரில் ஏறுகிறது.

போன வருடம் திராட்சை பறிக்க வந்தபோது பட்டறை வாசலில் நின்று கத்தினாயே, "மழை வருதும்மா, திராட்சை காத்திருக்காது, வா!" என்று. ஃபோர்மன் பொல்டேவும் சிரித்தார்: "ஊரே தோட்டத்துக்குக் கிளம்பிடுச்சு, உனக்கு மட்டும் என்ன ஆராய்ச்சி?" கடைசி ஆறு பெட்டி ஸ்பிரிங்குகளை இழுத்துச் சோதிக்காமலே, சோதித்தாயிற்று என்ற என் முத்திரையைக் குத்தினேன்.

ஒரு வருடமாக அதை நினைக்கவே இல்லை. உன் படத்தைப் பார்த்த பிறகுதான் அன்று அந்தப் பெட்டிகளிலிருந்து எடுத்து வைத்த மாதிரிகளை அலமாரியிலிருந்து எடுத்து இழுத்தேன். மூன்றில் ஒன்று ஒடிந்தது.

நாளை காலை முதலாளியிடம் சொல்லிவிடுவேன். ஆர்டர் வேறு நாட்டுக்குப் போனால் பொல்டே என் முகத்தில் விழிக்க மாட்டார். போகட்டும்.

சனிக்கிழமை பறிக்க வருகிறேன் என்றாய். காரைத் தொடாதே, ரயிலில் வா. தாமதமானாலும் பரவாயில்லை. இந்த முறை திராட்சை காத்திருக்கட்டும்.

அம்மா