நிறுத்தி வைக்கிற டீச்சர், நேரில் கேட்கிற டீச்சர்

ஐப்பசி 5, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.

வருஷம்: புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்ப் பக்கம் சுவரெல்லாம் கறுப்புக் கோடு போட்டதே, அதற்கு அடுத்த வருஷம். இந்த வருஷம் சித்திரையில் என் கூட்டாளி காசிமுக்குப் பக்கவாதம். பேச்சு போனது.

நான் பேசுகிறேன், போன் எழுதுகிறது. நம்ம பாஷை அதற்குப் புரியவில்லை என்று மருமகள் மெர்சி சொன்னாள். அதனால் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசுகிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எழுபத்தாறு வயது, எழுத்து தெரியாது. ரகசியத்துக்கு இதைவிட நல்ல பூட்டு கிடையாது.

இன்றைய வேலை: முடிவு எடுக்கிறது. போனில் எழுத்துப் பாடம் இரண்டு மாதமாக வீடியோவில் பார்க்கிறேன். இனிமேல் இரண்டில் ஒன்றுதான் எடுக்கலாமாம். இதே வீடியோ, நாம் நினைத்த நேரத்தில். இல்லையென்றால் சாயங்காலம் ஏழு மணிக்கு டீச்சரே நேரில் வருவார், போனில். சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

மெர்சி: "உனுக்கு இன்னாத்துக்கு மாமா நேர்ல? வீடியோவே போதும். எல்லாத்துலயும் ஸ்டார் வாங்கிக்கினு கீற."

உண்மை. முப்பத்தோரு பாடம், முப்பத்தொன்றிலும் முழு நட்சத்திரம்.

ஐப்பசி 6, செவ்வாய்

மழை இல்லை. முட்டி வலி.

வீடியோ டீச்சர். பச்சைப் புடவை. பின்னால் கடிகாரத்தில் எப்போதும் நாலு பத்து. ஒன்பதாம் பாடத்தில் இருமுவார். விரலால் தொட்டால் நின்றுவிடுவார், வாய் திறந்தபடி. நான் டீ குடித்துவிட்டு வந்து தொட்டால் அதே எழுத்திலிருந்து தொடங்குவார். 'அ'வை ஒரே நாளில் நாற்பது தடவை சொல்ல வைத்தேன். முகம் சுளிக்கவில்லை. துறைமுகத்தில் மேஸ்திரி இரண்டாம் தடவை சொன்னதே கிடையாது. மனுஷன் என்னவெல்லாம் கண்டுபிடித்துவிட்டான்!

மத்தியானம் காசிம் காகிதம் வந்தது. பேச்சு போனதிலிருந்து இடது கையால் எழுதுகிறான். அவன் மகள் புளியந்தோப்பிலிருந்து படம் எடுத்து அனுப்புவாள். போனுக்கே அந்தக் கோணல் எழுத்து புரிவதில்லை. மெர்சிதான் வாசிப்பாள், வெங்காயம் உரித்துக்கொண்டே.

"உடம்பு பரவால்லியாம். மாத்திரை சாப்டுறாராம். இங்க ஒண்ணு அசிங்கமா கீது மாமா, வுட்டுட்றேன்."

மெர்சி வாயில் காசிம் பாதிரியார் மாதிரி பேசுகிறான். அவள்தான் படிப்பாள் என்று அவனுக்கும் தெரியும். மாத்திரை, இடையில் ஒரு வசவு, அதற்கு மேல் எதுவும் எழுதுவதில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஒரே கேங்கில் மூட்டை தூக்கினோம். அவனுக்கு என்னிடம் சொல்ல மாத்திரை மட்டுமா இருக்கும்?

நானே படிக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடம். மெர்சியிடம் சொல்லவில்லை.

ஐப்பசி 8, வியாழன்

நேரில் பாடம் எப்படி என்று ஒரு நாள் பார்க்க விட்டார்கள். சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

போனுக்குள் பத்து ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு ஆள். அதே டீச்சர், நீலப் புடவையில். "வணக்கம் ஏழுமலை ஐயா" என்றார். இரண்டு மாதம் நான் பார்த்த முகம் இன்று என்னைப் பார்க்கிறது.

மூன்று வார்த்தை காட்டி வாசிக்கச் சொன்னார். நாலாம் பாடத்து வார்த்தைகள். கணீரென்று சொன்னேன்: மாடு, மரம், மீன்.

ஒரு ஜன்னலில் சிரிப்பு. தண்டையார்பேட்டையில் இட்லிக் கடை போடுகிற அம்மா. "இன்னா தாத்தா, மீனுக்குக் கொம்பு வெச்சிட்ட?"

எழுதியிருந்தது மீன், மரம், மாடு. டீச்சர் வரிசையை மாற்றிவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் மெதுவாக: "ஐயா, நீங்க ஃபேனைப் பாத்துக்கிட்டு வாசிக்கிறீங்க. எழுத்தைப் பாக்கவே இல்லை."

எங்கோ உட்கார்ந்திருக்கிறவருக்கு என் கண் போகிற இடம் தெரிகிறது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஐப்பசி 9, வெள்ளி

வெயில்.

சோதனை செய்தேன். முப்பத்தோராம் பாடம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு டீச்சரோடு கூடவே சொன்னேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. ஒன்பதாம் பாடத்து இருமல் வரைக்கும் தெரிகிறது எனக்கு. எந்தக் கப்பலில் எந்த வருஷம் எத்தனை மழை நாள் என்று இன்றும் சொல்வேன். அந்த ஞாபகம்தான் எனக்குச் சோறு போட்டது. அதுவே இப்போது எழுத்தை உள்ளே விடாமல் வாசலில் நிற்கிறது.

காசிம் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். 'ம' மட்டும் தெரிந்தது. அதுவும் 'ம'தானா, சந்தேகம்.

வீடியோ: அவமானம் இல்லை, நட்சத்திரம் உண்டு, படிப்பு வராது.
நேரில்: இட்லிக்கார அம்மா சிரிப்பாள்.

ஐப்பசி 10, சனி

மெர்சியிடம் சொன்னேன், நேர்லயே போட்டுடும்மா என்று.

"அன்னிக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கெடந்த?"

"கெடந்தேன். போடு."

அவள் அமுக்கினாள். இனி திரும்ப முடியாதாம்.

கார்த்திகை 13, வியாழன்

காற்று. கடல் இரைச்சல் வீடு வரைக்கும்.

டீச்சர் எனக்கென்று தினமும் புது வார்த்தை, யாருக்கும் காட்டாதது. ஒரு தடவைதான். ஞாபகத்துக்கு வேலையே இல்லை. இன்று 'தக்காளி'க்கு மூன்று நிமிஷம். ஒன்பது பேரும் சத்தம் போடாமல் காத்திருந்தார்கள். முடித்ததும் இட்லிக்கார அம்மா: "தாத்தா, ரசம் வெக்கறதுக்குள்ள வந்துட்ச்சி, பரவால்ல!" நானும் சிரித்தேன். பஸ் பலகைகள் இப்போது என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருக்கின்றன. 'பெரம்பூர்' என்று ஒன்று தானாகவே சொன்னது.

மார்கழி 7, ஞாயிறு

பனி. மெர்சி கோயிலுக்குப் போய்விட்டாள். வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஆடுகிறது.

ஒன்பது மணிக்குக் காசிம் காகிதம் வந்தது. மெர்சி வரட்டும் என்று வைத்தேன். வைக்க முடியவில்லை. விரலால் பெரிதாக்கி, எழுத்து எழுத்தாக. ஒன்றரை மணி நேரம்.

முதல் வார்த்தை: டேய். இரண்டாவது: கசுமாலம்.

படித்ததும் காதில் கேட்டது. எழுத்தில்லை, குரல். காசிமின் குரல். எட்டு மாதமாக உலகத்திலேயே இல்லாத குரல், கரகரவென்று, அடித்தொண்டையிலிருந்து, என் தலைக்குள். பயந்து போனை மடியில் வைத்தேன். திரும்ப எடுத்தால் திரும்பவும் கேட்கிறது. பேச்சு போன மனுஷனை இந்தக் கோணல் கோடுகள் பேச வைக்கின்றன. இத்தனை காலம் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா இருந்தேன்?

மீதி: "நம்ம அந்தோணி பூட்டான். எண்ணூர்ல பொதச்சிட்டாங்க. இங்க யாருகிட்ட சொல்லி அழுவுறது. நம்ம கேங்க்ல இனிமே யார்ரா கீறா?"

'அந்தோணி'யை நாலு தடவை படித்தேன், தப்பாகப் படிக்கிறேனோ என்று. கேங்கிலேயே மூத்தவன் அந்தோணி. தப்பில்லை. நானாகப் படித்த முதல் சேதி.

அவன் கேட்டுவிட்டான். மெர்சியைக் கூப்பிடாமல் பதில் எழுத வேண்டும். காலண்டர் தாள் கிழித்தேன், பின்பக்கம், பென்சில். ஏழு பேர் நாங்கள். குப்புசாமி, பளு விழுந்து. தேவராஜ், குடியில். ரஹீம், ஊருக்குப் போய் அங்கேயே. பாலையா, நெஞ்சு. இப்போது அந்தோணி. ஆறாவது ஆள் நான். நான் இருக்கிறது அவனுக்கே தெரியும்; அவன் எண்ண மறந்தது ஏழாவது ஆளை.

எழுதி, படம் எடுத்து, அனுப்பினேன்:

காசிம்.