தேடி வந்த நர்ஸ்

மங்களூரு

அன்புள்ள அப்பாவுக்கு,

அறிவுச்செல்வனின் வணக்கம். உங்கள் சர்க்கரை மாத்திரையை நம்ம ஊர் சுகாதார நிலையத்து அக்கா மாதம் தவறாமல் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறாரா? ஒரு விஷயம், போனில் சொன்னால் அம்மா காதில் விழும். அதனால் என்னோடு வேலை செய்யும் வீரமணி நம்ம பாடாலூருக்கு வருவதால், அவனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

கான்கிரீட் போடும்போது சிமெண்ட் பட்டுக் கால் கொஞ்சம் வெந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. மூட்டையில் அரியலூர் என்று அச்சடித்திருந்தது. காலைக் கடித்த சிமெண்டும் நம்ம ஊர்ப்பக்கத்துக்காரன்தான்.

நேற்று இங்குள்ள சுகாதார நிலையத்து நர்ஸ் எங்கள் தகரக் கொட்டகைக்கே தேடி வந்து, எல்லோர் விரலிலும் குத்தி மலேரியாவுக்கு ரத்தம் எடுத்தார். நான் காலைக் காட்டினேன். அதற்கு நிலையத்துக்குக் காலையில் வரவேண்டுமாம். காலையில் போனால் என் இடத்தில் வேறு ஆள் நிற்பான்.

மேஸ்திரி சிரித்தார்: "மலேரியா ஊருக்கெல்லாம் பரவும்டா. ஒன் காலுப்புண்ணு பரவுமா?"

வீரமணி திரும்பும்போது புண்ணுக்கு ஒரு களிம்பு கொடுத்தனுப்புங்கள். அந்த அக்காவிடமே கேளுங்கள். ஆனால் உங்கள் காலுக்கு என்று சொல்லுங்கள். எனக்கு என்றால், இருக்கிற ஊரிலேயே போய்ப் பார்க்கச் சொல்வார்.

மேஸ்திரி கூப்பிடுகிறார்.

மகன்,
அறிவுச்செல்வன்