கோயம்புத்தூருக்குப் போயிருக்கவே வேண்டாமாம்

அடியே,

இன்றைக்குப் புளிச்சோற்று வாசனை என்னை உலுக்கிவிட்டது. நாகப்பட்டினத்தில் வக்கீலாக இருக்கும் என் மகளின் அறையில் உட்கார்ந்திருந்தேன். கீழ்வேளூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, கையில் மஞ்சப்பை, அதற்குள் வாழையிலைப் பொட்டலம். புருஷன் திருப்பூரில் வேறொருத்தியோடு இருக்கிறானாம். ஜீவனாம்சம் கேட்க அங்கேதான் போகவேண்டும் என்று கட்டுச்சோற்றோடு கிளம்பி வந்திருக்கிறாள்.

"திருப்பூருக்கு எதுக்கு? கேஸை இங்கேயே போடலாம்" என்றாள் என் மகள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவன் இருக்கிற ஊர்லதானடி போடணும்?"

"யாரும்மா சொன்னா? பொண்டாட்டி குடியிருக்கிற ஊர் கோர்ட்டே விசாரிக்கலாம். எழுபத்து நாலுலயே சட்டம் மாறிடுச்சே."

எழுபத்து நாலா! நீ கோயம்புத்தூருக்கு அலைந்தது அதற்குப் பிறகல்லவா? நெருக்கடிநிலை வந்த சமயமல்லவா? கையிலிருந்த காபி புடவையில் கொட்டியதுகூட எனக்கு உறைக்கவில்லை.

உன்னைக் கட்டிக் கோயம்புத்தூரில் குடிவைத்திருந்த உன் புருஷன், அந்த மில்காரன், பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பினான். அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ நேராக எங்கே போனாய்? குத்தகைப் பதிவு செய்யும் தாசில்தாரிடம்! நானும் கூடவே வந்தேன். கூலிச் சண்டை, குத்தகைச் சண்டை என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்த காலம். உன் அப்பாவை மிராசுதார் வயலிலிருந்து கிளப்பப் பார்த்தபோது அந்த ஆபீசில்தான் நியாயம் கிடைத்தது. நமக்குத் தெரிந்த கோர்ட்டு அது ஒன்றுதான்.

"இங்க நிலத்து விவகாரம் மட்டும்தாம்மா" என்றார் அவர்.

"உழுதவனைக் கிளப்பினா கேக்குறீங்க. கட்டினவளைக் கிளப்பினா கேக்க மாட்டீங்களா ஐயா?"

ஆபீசே திரும்பிப் பார்த்தது. நான் பயந்துபோய் உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். ஆனால் அவர் கோபப்படவில்லை. நாகப்பட்டினத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்.

அங்கே வாசலில் ஒரு வக்கீல் குமாஸ்தா நம்மை மடக்கினார். "அவன் இருக்கிற ஊர்ல போடணும். இல்லேன்னா கடைசியா ரெண்டு பேரும் சேர்ந்து இருந்த ஊர்ல. ரெண்டுமே கோயம்புத்தூர். இங்க உங்களுக்கு என்ன வேலை?" பழைய சட்டத்தை அப்படியே ஒப்பித்திருக்கிறார், பாவி மனுஷன். நாமும் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் புளிச்சோறு கட்டிக்கொண்டு ரயிலேறினாய். குழந்தை என்னிடம் அழுதுகொண்டிருக்கும். அந்த ஐப்பசியில் வெண்ணாறு உடைத்துக்கொண்டது. ரயிலும் இல்லை, பஸ்சும் இல்லை. தண்ணீர் வடிந்து நீ போய்ச் சேர்ந்தபோது, மனு செய்தவள் வரவில்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். "விட்டுத்தள்ளுடி, நாத்து நடுற கை இருக்கு" என்று சிரித்தாய். உன் மகள் எட்டாம் வகுப்போடு நின்று உன் பின்னாலேயே வயலில் இறங்கியபோது நீ சிரிக்கவில்லை.

போன மாசியில் கண்ணை மூடினாய். இந்த ஒரு விஷயம் தெரியாமலே போய்விட்டாயே!

மனு தயாரானது. அந்தப் பெண் பொட்டலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தாள். "இங்கேயே சாப்பிடு தாயி" என்றேன். எனக்கும் ஒரு வாய் கொடுத்தாள்.

இனி என் வேலை இதுதான். மகளின் அறை வாசலில் உட்கார்ந்துகொள்வேன். பையோடு எவள் வந்தாலும், அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்கமாட்டேன். "நீ எந்த ஊர்டி?" என்றுதான் கேட்பேன்.

சாயங்காலம் அந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டு வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். நாம் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோமே, அந்த வாசலேதான்டி. உள்ளே போயிருந்தால் போதுமாம்.