சங்குகுளிக்காரனுக்கு மூச்சுப் பயிற்சி

6 ஜனவரி 2025
இன்று முதல் செல்போனில் யோகா. வலது நுரையீரலில் புற்று பிடித்த பகுதியை நவம்பரில் வெட்டி எடுத்தார்கள். மூச்சு தேற இது வேண்டுமாம். கடலுக்கடியில் சங்கு எடுக்கிறவனுக்கு மூச்சுவிடச் சொல்லிக் கொடுக்கிறார்கள்! மீன்குஞ்சுக்கு நீச்சல் பாடமா? சொல்லித் தருவது பத்மஸ்ரீ என்று ஒரு சின்னப் பெண், ஆழ்வார்திருநகரியில் உட்கார்ந்துகொண்டு. கடலில் கால் நனைத்திருப்பாளா?

பிளாரன்ஸ் போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, கதவோரம் நின்று சிரித்தாள். பெண்டாட்டிக்கும் வேடிக்கையாகிவிட்டேன்.

9 ஜனவரி
"ஜோன்ஸ் சார், அடக்காதீங்க. வெளிய விடுங்க." தினமும் இதே பாட்டு. தண்ணீருக்குள் மூச்சை விட்டவன் பிணமாகத்தான் கரைக்கு வருவான். பதினாறு வயதில் உடம்பு படித்ததை இவள் மாற்றுவாளா?

10 ஜனவரி
தம்பி பவுல் வந்தான். சங்கு குளிக்கும்போது நான் போடுகிற கண்ணாடி வேண்டுமாம். "சும்மாதானண்ணே கெடக்கு." சும்மாவா? நான் செத்தா போனேன்? "ஏலே, ஈஸ்டர் முடியட்டும், நானே எறங்குதேன். வெளிய போ!" கத்தி முடிப்பதற்குள் இருமல். திட்டுவதற்குக்கூட மூச்சு போதவில்லை.

17 ஜனவரி
இன்று அந்தப் பெண்ணுக்குக் காட்டிவிடுவோம் என்று, கண்ணை மூடி, அடியில் சங்கு தேடுகிறவன்போல முழு மூச்சையும் இழுத்து அடக்கினேன். தையல் போட்ட இடம் சுரீர் என்றது. கண் இருட்டி, நாற்காலியோடு சாய்ந்தேன். பிளாரன்ஸ் ஓடிவந்து தூக்கினாள். "யாருக்கு வீம்பு காட்டுதீய? செத்துப்போனா எனக்கு யாரு இருக்கா?" அழுதாள்.

போனுக்குள் பத்மஸ்ரீயின் குரலும் நடுங்கியது. "உள்ள இடம் கொறஞ்சிருக்கு சார். பழசு வெளிய போனாத்தான் புதுசு வரும்."

இவளுக்கு என்ன தெரியும் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

18 ஜனவரி
வகுப்பு நேரத்துக்கு நானே போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்தேன்.

24 பிப்ரவரி
வள்ளத்தில் போகலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது என்கிறார் டாக்டர். எப்போதுமா? எப்போதும்தான். ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னால் என்ன! பஸ் வரவில்லை என்று பிளாரன்ஸிடம் எரிந்து விழுந்தேன். அவள் என்ன செய்வாள், பாவம்.

10 மார்ச்
பவுல் தன் வள்ளத்தில் கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்றான். போனேன். கண்ணாடியையும் கொடுத்தேன். "கடன்தாம்லே. கீறல் விழுந்துச்சு, தொலச்சிருவேன்." என் தலைக்கு இறுக்கியிருந்த வாரை நானே அவனுக்குத் தளர்த்திக் கொடுத்தேன்.

இடுப்பில் கயிற்றைக் கட்டி, சிலுவை போட்டுக்கொண்டு குதித்தான். அவனோடு நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பாழும் பழக்கம். நெஞ்சு எரிந்தது. நடுக்கடலில் டவரும் இல்லை, வகுப்பும் இல்லை.

பவுல் மேலே வர இன்னும் நேரம் இருந்தது. கயிற்றை விடாமல், நான் மூச்சை மெதுவாக வெளியே விட்டேன்.