கதவு ரப்பர்

அன்பு மகளுக்கு,

பல சுற்றுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு நம் வீட்டில் ஒரு முக்கிய முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது என்பதை முறைப்படி உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். உன் அண்ணனுடைய பழைய ஜீப்பின் கதவுகளுக்குப் புது ரப்பர் போடுவது. அம்மா ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே "செய்யுங்க" என்றாள். ஏகமனதாக நிறைவேறியதாகக் குறித்துக்கொண்டேன்.

காரணம் நீதான். அண்ணன் போனதிலிருந்து நீ வீட்டுப் பக்கம் வரவில்லை. கூப்பிடும்போதெல்லாம், "அந்த வண்டியிலயா கூட்டிட்டுப் போவீங்க? மழை பெஞ்சா மடியில தண்ணி சொட்டும்பா" என்கிறாய். சொட்டுவதுதான் குறை என்றால் குறையைச் சரிசெய்துவிடலாம் அல்லவா? நான் எதையும் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறவன்.

நம் தெருமுனை மெக்கானிக்கிடம் யோசனை கேட்டேன். எதற்கும் நடையை மாற்றாதவர் என்பதால் ஊரே 'அவசரம்' என்று கூப்பிடுகிறதே, அவர்தான். "ரப்பரை இழுத்து ஒட்டாதீங்க சார். இன்னைக்கு அழகா இருக்கும், நாளைக்குச் சுருங்கி மூலையில வாயைப் பொளக்கும்" என்று எச்சரித்துவிட்டு டீ குடிக்கப் போனார். மீதியைப் புத்தகம் பார்த்து நானே செய்தேன். பழைய ரப்பரைச் சுரண்டியபோது அடியில் ஆற்று மணல் இருந்தது. கொஞ்சம்தான். அம்மா அதைக் கூட்டித் தள்ளவில்லை. ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போனாள். எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஒட்டி முடித்ததும் சோதனை. ஒருவர் உள்ளே உட்கார வேண்டும். இன்னொருவர் வெளியே குழாயால் தண்ணீர் அடிக்க வேண்டும். எங்கே கசிகிறது என்று உள்ளே இருப்பவர் சொல்ல வேண்டும். நான் ஏறப்போனேன். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நீங்க தண்ணி அடிங்க" என்று சொல்லிவிட்டு, ஓட்டுகிறவன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடித்தேன். கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்தது. "ஒழுகுதா?" என்று கத்தினேன். பதில் இல்லை. குழாயைப் போட்டுவிட்டுக் கதவை இழுத்தேன். வரவில்லை. பசை காயும் முன் கதவைச் சாத்தக் கூடாது என்பது புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது. அந்தப் பக்கக் கதவும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நான் என்னவெல்லாம் கத்தினேன் என்று தெரியாது. அவசரம் கடப்பாரையோடு ஓடியே வந்தார். "அம்மா, கைப்பிடியத் தூக்கிட்டுக் காலால உதைங்க!" என்றார். அவள் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்து நேரே பார்த்தபடி இருந்தாள். கைப்பிடியைத் தொடவே இல்லை.

நெம்பித் திறந்தோம். "ஒரு சொட்டு உள்ள வரல" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க கத்தினது ஒண்ணுமே கேக்கலைங்க. வாய் மட்டும் அசையுது" என்றாள்.

அன்று தரைப்பாலத்தில் நடந்தது உனக்குத் தெரியும். ஆழம் பார்க்கிறேன் என்று எங்களைக் கரையில் இறக்கிவிட்டு அவன் மட்டும் வண்டியை வெள்ளத்தில் விட்டான். அம்மா தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "நான் கூப்பிட்டும் போயிட்டான்னுதான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன். பாவம், அவனுக்குக் கேட்டிருக்காது" என்றாள். சோதனை செய்த ராத்திரி, பல நாளுக்குப் பிறகு, இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினாள்.

வெள்ளத்தன்று அந்தக் கதவுகளில் இருந்தது பழைய ரப்பர். விரல் நுழையும் இடைவெளி. பின் இருக்கையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் பேசுவதைக் கேட்டுச் சிரித்தவள் நீ. நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நீ வா, கண்ணு. எப்போது முடியுமோ அப்போது வா. வந்தால் அவளிடம் என்ன வேண்டுமானாலும் பேசு. அந்த வண்டி முன்பு ஒழுகியதை மட்டும் ஞாபகப்படுத்திவிடாதே. நீயும் உன் வீட்டாரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு. நெம்பியதில் ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவு வளைந்துவிட்டது. இப்போது சாத்த வருவதில்லை.