தம்பியின் காய்ச்சல் இறங்கிவிட்டது

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதீர்கள் அம்மா. உங்களோடு குவைத்தில் இருக்கிற சுப்பம்மா அக்காவுக்கும் வேண்டாம், அவர் உடனே அத்தைக்குச் சொல்லிவிடுவார். நீங்கள் அங்கே நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தம்பி துஷாந்தனுக்கு உடம்பு சரியில்லை. உங்களிடம் சொல்லக் கூடாது என்று அத்தை அப்பாவின் போனை எடுத்து வைத்துக்கொண்டார். விடியக்காலை பக்கத்து வீட்டு பிரேமலதா அக்கா தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகும்போது இந்தத் தாளை ஜன்னல் வழியாகக் கொடுப்பேன், படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குக் காய்ச்சல் தொடங்கியது. மழைக்கு ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற சிரட்டை எல்லாவற்றிலும் தண்ணீர், லயத்து வீடுகள் முழுக்கக் கொசு. அடுத்த நாள் அப்பாவும் நானும் அவனைக் கஹவத்தை டவுனுக்குக் கூட்டிப் போனோம், நீங்கள் ஊசி போடக் கொண்டுபோவீர்களே, அதே பிள்ளைகள் கிளினிக்குக்கு. இப்போது அங்கேயே ரத்தம் பார்க்கிறார்கள், காத்திருந்து முடிவை வாங்கிக்கொண்டு வரலாம். இரவில் கூப்பிட ஒரு நம்பரும் இருக்கிறது. டெங்கு மாதிரி இருக்கிறது, தினமும் கொண்டுவந்து ரத்தம் பாருங்கள் என்று இன்ஷாப் டாக்டர் சொன்னார். இரண்டாம் நாள் போனபோது தம்பி அவரிடம், "நீங்களும் கொசுவா டாக்டர்? தெனமும் ரத்தம் கேக்குறீங்க" என்று கேட்டான், எல்லோரும் சிரித்தோம். டாக்டர் சிரித்துவிட்டு அப்பாவைப் பார்த்து, "காய்ச்சல் எறங்கிட்டா சொகமாயிட்டான்னு வீட்டுல வச்சிக்கிட்டு இருக்காதீங்க, அப்பத்தான் பயப்படணும். வயித்து வலி, வாந்தி, கை கால் குளிர்றது, இதுல எது வந்தாலும் நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார். அப்பாவும் தலையாட்டினார்.

ஆனால் நேற்றுக் காலையில் தம்பியின் காலில் சிவப்புப் புள்ளிகள். அத்தை பார்த்ததுமே கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா வந்திருக்கா" என்றார். வாசலில் வேப்பிலை கட்டியாகிவிட்டது, மருந்தை நிறுத்தியாகிவிட்டது, யாரும் வெளியே போகக் கூடாது, யாரும் உள்ளே வரக் கூடாது. கிளினிக் என்றதும், "ரத்தத்த உறிஞ்சிட்டு பனடோல் குடுக்க ஒரு டாக்டரா? ஆத்தா இருக்கிற ஒடம்புல ஊசி குத்துனா சும்மா விடுவாளா?" என்று கத்தினார். டாக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். "அத்த மூணு புள்ள வளத்தவ, நீ வாய மூடு" என்றார் அப்பா. ஆனால் கிளினிக்கில் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இன்று சாயங்காலம் காய்ச்சல் விட்டுவிட்டது. "ஆத்தா எறங்கிட்டா, விடிஞ்சதும் தலைக்குத் தண்ணி ஊத்திடலாம்" என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் பயமாக இருக்கிறது அம்மா. அதற்குப் பிறகு தம்பி வாந்தி எடுத்தான், வயிற்றைத் தொட விடவில்லை. போர்வை போர்த்தியும் பாதம் ஜில்லென்று இருக்கிறது. கொசு டாக்டர்கிட்டப் போவோமா என்று கேட்டேன், சிரிக்கவில்லை, கண்ணைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டான். எனக்கும் ஆத்தா என்றால் பயம்தான், சும்மா சொல்லவில்லை. அம்மையாகவே இருந்தாலும் ஒரு தடவை ரத்தம் பார்த்தால் ஆத்தா கோபித்துக்கொள்வாளா?

இதைப் பார்த்தவுடன் அப்பாவுக்குப் பேசுங்கள். அத்தை போனை எடுத்தால் விடாதீர்கள், அப்பாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். கோயிலுக்குக் கூழ் ஊற்றுவதாக நீங்களே நேர்ந்துகொண்டதாகச் சொன்னால் அப்பா கேட்பார், அவரும் மனசில்லாமல்தான் இருக்கிறார். நுஹ்மான் நானாவின் த்ரீவீலர் கீழ் லயத்தில்தான் நிற்கிறது, கூப்பிட்டால் உடனே வருவார். ஒருவேளை தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று சொன்னாலும் கொண்டுபோகச் சொல்லுங்கள். நான் எழுதினேன் என்று மட்டும்

கதவைத் தட்டுகிறார்கள். அத்தைதான். நல்ல நேரம் விடிவதற்கு முன்னாலேயே இருக்கிறதாம், மஞ்சள் தண்ணீர் தயாராம், தம்பியை எழுப்பிக் கூட்டிவரச் சொல்கிறார். எழுப்புகிறேன் அம்மா, எத்தனை தடவை உலுக்கியும் அவன் எழும்ப