கோயில் கூரைக்கு மேலே

மார்ச் 6, சாம்பல் புதன்
நெற்றியில் சாம்பலோடு வெளியே வந்தால் கோயில் வாசலில் நகராட்சிக்காரர்கள் மேஜை போட்டிருந்தார்கள். எங்கள் பேட்டையில் இனிமேல் எழும் கட்டடங்கள் எப்படி இருக்கலாம் என்று விதி எழுதப் போகிறார்களாம், மக்கள் கருத்துச் சொல்லலாமாம். பழைய நூல் ஆலை இடத்தில் ஒரு கம்பெனி எட்டு மாடி கட்டப் பார்க்கிறது. கட்டினால் புனித ஹெரோனிமோவின் கோயிலே எங்கள் தெருவுக்குத் தெரியாது. ஜெபப் புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். என் கருத்தையும் கேட்கிறார்கள்!

மார்ச் 10
மகன் ஆன்செல்மோ மொட்டை மாடிக்கு ஏறி, தூண்களில் நீட்டி விட்டிருந்த கம்பிகளில் துருப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தான். இந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் விடுவோம், மகனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே கட்டிக்கொள்ள. மருமகள் யாரெட்ஸிக்கு நாலாம் மாதம். ஈஸ்டர் முடிந்ததும் வேலை ஆரம்பம். மணலும் கல்லும் வந்து இறங்கிவிட்டன.

மார்ச் 17
எட்டு மாடி வேண்டாம் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். கிரெசென்சியா மட்டும் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். அவளுக்கு இரண்டு பையன்கள்.
"நம்ம மாடிக்கு ஒண்ணும் வராதே அக்கா?"
"நம்மது எப்பவோ கட்டின வீடுடி. கம்பி நிக்குது பாரு. இது எட்டு மாடிக்காரனுக்கு."
போட்டாள்.

மார்ச் 24
கூட்டம். எழுந்து நின்று, ஆண்டவர் வீட்டுக் கூரைக்கு மேல் யார் வீட்டுக் கூரையும் போகக் கூடாது என்றேன். அவ்வளவுதான். கை தட்டல் நிற்கவில்லை. நகராட்சி இன்ஜினீயர் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆன்செல்மோ, "மேயரம்மா, பார்த்து நடங்க" என்று கேலி செய்துகொண்டே வந்தான்.

ஏப்ரல் 26
விதி நிறைவேறிவிட்டது. கம்பெனி விலகிக்கொண்டது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

மே 3, திருச்சிலுவைத் திருநாள்
கொத்தனார்களுக்கான நாள். மாடியில் பூ வைத்த சிலுவை நட்டோம். எல்லாருக்கும் மோலே குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது நகராட்சி ஆள் வந்து, வேலையை நிறுத்தச் சொல்லிக் கதவில் தாள் ஒட்டினான். கரண்டி கையிலேயே இருந்தது.

மே 4
கொத்தனார்களின் கூலிக் கணக்கு இன்று எழுதவில்லை, வேலை இல்லை.

மே 8
நகராட்சிக்குப் போனேன். அவர்கள் கோபமாகப் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன். அந்த இன்ஜினீயர் பெண் நாற்காலி போட்டுப் படம் விரித்துக் காட்டினாள். கோயில் பள்ளத்தில் இருக்கிறது. எங்கள் தெரு மேட்டில். எங்கள் மொட்டை மாடியும் கோயில் கூரையும் ஒரே மட்டம். அதற்கு மேல் ஒரு கல் வைக்க முடியாது.
"வீடு இன்னும் முடியலம்மா, கம்பி நிக்குதே" என்றேன்.
"கம்பியை மாடின்னு எடுத்துக்க முடியாதும்மா. விதியில இருக்கிறது நீங்க சொன்ன வாக்கியம்தான்."
ஆமாம், நான் சொன்னதுதான். எத்தனை வருஷமா அந்தப் பள்ளத்துல இறங்கிப் பூசைக்குப் போறேன், திரும்ப மூச்சு வாங்க ஏறி வர்றேன் — இது எப்படி என் புத்தியில ஏறாம போச்சு?

மே 12
சோள மாவு மில் வரிசையில் கிரெசென்சியா. சண்டை போடவில்லை. "உன் வாயில ஆண்டவர் பேசுறார்னு நினைச்சுத்தான் அக்கா போட்டேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூன் 2
கேரெத்தாரோ நகரத்தில் யாரெட்ஸியின் அண்ணன் வீட்டுப் பின்பக்கம் இடம் இருக்கிறதாம். வேலையும் கிடைக்குமாம். ஆன்செல்மோ தரையைப் பார்த்தபடி சொன்னான்.
"நீ கெட்டதா எதுவும் கேக்கலம்மா."
திட்டியிருக்கலாம். திட்டியிருந்தா நான் அழுதிருப்பேன்.

ஜூன் 15
போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 11
பெண் குழந்தை. போனில் அழுகைச் சத்தம் கேட்டேன். நல்ல குரல்.

செப்டம்பர் 30, புனித ஹெரோனிமோ திருநாள்
நேற்று குழந்தைக்கு அங்கேயே ஞானஸ்நானம் முடிந்தது. நான் தைத்த வெள்ளைச் சட்டையைப் பஸ்ஸில் அனுப்பியிருந்தேன், அளவு சரியாக இருந்ததாம். இங்கே பிரசங்கத்தில் சாமியார் என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார், கோயிலைக் காப்பாற்றினேனாம். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு பீடத்தின் முன்னால் முழங்காலிட்டேன். பிள்ளைகள் திரும்பி வர வேண்டும் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. போன தடவை கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டாரே. மெழுகுவத்தியை மட்டும் ஏற்றிவிட்டு எழுந்து வந்தேன்.